மீண்டும் நடப்பவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு நாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு, ஆறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த சப்பாத்தைத் தட்டித் துடைத்து அணிந்துகொண்டு பெரியநீலாவணைப் பிரதான வீதியில் இறங்கினேன். ஐந்நூறு மீற்றர் கூடச் சென்றிருக்க மாட்டேன். தேநீர்க் கடை வாசலில் நின்ற அயலவர் ஒருவர் உரத்த குரலில் கேட்டார்: "என்ன ஐயா, திரும்பவும் தொடங்கியாச்சுப் போல? இந்த முறை எத்தின நாளைக்கு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் காலை விழிப்பு வந்தபோது என் நினைவுக்கு முதலில் வந்தது அந்தச் சிரிப்புத்தான். இன்று மழைக்குணமாக இருக்கிறதே, நாளைக்குப் போகலாம் என்று மனம் சொல்லியது. வானத்தில் ஒரு முகிலும் இல்லை.

அந்த அயலவர் நல்ல மனிதர். அவர்மீது எனக்கு மனக்குறை இல்லை. என் சண்டை அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கோட்பாட்டோடுதான். உடற்பயிற்சியை இடையில் விட்டவன் ஒழுக்கம் தவறியவன், மன உறுதி இல்லாதவன், ஆகவே அவன் திரும்பி வருவதும் ஒரு வேடிக்கை என்று கருதும் கோட்பாடு அது. அதற்கு இப்போது புதிய கோயில்களும் எழுந்துவிட்டன. கல்முனையிலும் காணலாம், கொழும்பிலும் காணலாம், நண்பர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் ரொறன்ரோவிலும் காணலாம்: புடைத்த தசைகளோடு நிற்கும் ஓர் இளைஞனின் படம், அதன் கீழே 'சாட்டுச் சொல்லாதே' என்ற பொருளில் ஒரு வாசகம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பத்திரிகையில் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தைப் பல காலம் நானே பார்த்து வந்தேன். 'மன உறுதியே மாமருந்து' என்ற பாணியில் வந்த கட்டுரைகளை எழுத்துப்பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். அவற்றைப் படித்துவிட்டு எத்தனை பேர் தங்களைத் தாங்களே நொந்துகொண்டார்களோ தெரியாது. இந்தக் கட்டுரையை அதற்கான பிராயச்சித்தம் என்று கொள்ளுங்கள்.

என் கேள்வி எளிமையானது. எங்கள் கரையில் வாழும் ஒருவன் ஐம்பது வயதுக்குள் எத்தனை தடவை நடையை நிறுத்த வேண்டியிருந்தது என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

என் கணக்கைச் சொல்கிறேன். இளமையில் போர். விடியுமுன் வீதியில் இறங்கி நடப்பவனிடம் 'எங்கே போகிறாய், ஏன் போகிறாய்' என்று கேட்கத் துவக்கோடு ஆள் நின்ற காலம். உடல்நலத்துக்காக நடக்கிறேன் என்ற பதிலை எந்தக் காவலரணும் நம்பியிருக்காது. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பிறகுதான் கடற்கரையில் காலாற நடக்கலாம் என்ற துணிவு எனக்குப் பிறந்தது. இரண்டு ஆண்டுகள் நடந்தேன். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி அந்தக் கடற்கரையே வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் ஆழிப்பேரலை அதிக உயிர்களைக் கொண்டுபோனது எங்கள் மாவட்டத்தில்தான். அதன் பிறகு நெடுங்காலம் நான் கடற்கரைப் பக்கம் போகவில்லை. போனால், கால் எந்த மணலை மிதிக்கிறது என்ற நினைப்பு வரும். இதை மன உறுதிக் குறைவு என்று சொல்பவர் எவராயினும், அந்த ஆண்டு தைப்பொங்கலன்று எங்கள் கரை எப்படி இருந்தது என்று பார்த்தவராக இருக்க முடியாது.

போர் முடிந்த பின்னர் மீண்டும் தொடங்கினேன். இந்தத் தடவை கடலை விட்டு வீதிவழியே நடந்தேன். எங்கள் ஊர் அம்பாறை மாவட்டக் கரையின் வட எல்லையில் இருக்கிறது. வடக்கே போனால் மட்டக்களப்பு மாவட்டம். தெற்கே போனால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை. எங்கள் ஊர் பெரும்பாலும் தமிழர் ஊர், மருதமுனை முஸ்லிம்களின் ஊர். இரண்டுக்கும் இடையில் வேலியோ வெளியோ கிடையாது. வெளியூரவர் ஒருவர் நடந்தால் எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று சொல்ல மாட்டார். உள்ளூரில் நாங்கள் ஒவ்வொருவரும் அதை அங்குலக் கணக்கில் அறிவோம்.

அந்த எல்லைக்கு அப்பால் எனக்கொரு நடைத் தோழர் வாய்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தறிக்காரக் குடும்பத்தில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சுபஹுத் தொழுகை முடித்து அவர் வருவார். நான் தெற்கு நோக்கிச் செல்வேன். சந்திக்கும் இடத்திலிருந்து சேர்ந்து நடப்போம். ஏழு ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் போயிற்று. பேசியவற்றில் பாதி நெல் விலை, மீதி இலக்கியம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. ஐந்து நாள் கழித்து, 26 ஆம் திகதி இரவு, எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீற்றர் தெற்கே உள்ள சாய்ந்தமருதில், சுற்றிவளைக்கப்பட்ட வீடொன்றில் வெடித்த வெடிப்பில் குழந்தைகளும் மாண்டனர். அடுத்த நாள் காலை நான் நடக்கப் போகவில்லை. முதல் வாரம் ஊரடங்கு என்ற நியாயம் இருந்தது. ஊரடங்கு நீங்கிய பின்னரும் நான் போகவில்லை. வீட்டில் கேட்டபோது முழங்கால் நோகிறது என்றேன். முழங்கால் நோகவில்லை. எல்லைக்கு அப்பால் போனால் இந்தப் பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். அந்தப் பக்கத்தில் என்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம். காக்காவுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. அந்த வெட்கத்தை நான் இன்னும் சுமக்கிறேன்.

பின்னர் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. வீட்டு முற்றத்தைத் தாண்டாமல் மாதங்கள் கழிந்தன. இரத்தத்தில் சீனி ஏறியது அப்போதுதான். வைத்தியர் இரண்டு நிமிடம் என்னைப் பார்த்தார். மாத்திரை எழுதினார். "நடங்க" என்றார். எங்கே, யாரோடு, எப்படித் திரும்பத் தொடங்குவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். துவக்கு, கடல், குண்டு, கிருமி ஆகிய நான்கும் வந்து நிறுத்திய நடையை, 'நீ சோம்பேறி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியுமா?

சோம்பலே இல்லை என்று நான் வாதாடவில்லை. 2023 முழுவதும் நான் நடக்காததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சோம்பலுக்கு ஒரு கூட்டாளி இருந்தது. விட்டவன் விட்டவன்தான், இனித் தொடங்கி என்ன பயன் என்ற அவநம்பிக்கைதான் அந்தக் கூட்டாளி. இந்த அவநம்பிக்கை பொய் என்பதற்குச் சான்று உண்டு.

நான் கலைப்பட்டதாரி, வைத்தியன் அல்லன். ஆயினும் முப்பது ஆண்டுச் செய்தித் தொழில் ஒரு செய்தியின் மூலத்தைத் தேடிப் படிக்கக் கற்றுத் தந்திருக்கிறது. 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயது நிரம்பிய, நோயற்ற ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன், அந்த மூன்று வாரத்தில், கால்பங்குக்கு மேல் வீழ்ந்தது. பின்னர் எட்டு வாரம் பயிற்சி கொடுத்து மீட்டார்கள். முப்பது ஆண்டு கழிந்து 1996 இல் அதே ஐவரையும் மறுபடி அழைத்துச் சோதித்தபோதுதான் வியப்பு வெளிப்பட்டது. முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்தது, இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவு.

அதோடு முடியவில்லை. ஐம்பதை எட்டிய, உடல் கனத்த அந்த ஐவருக்கும் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நடை, மெல்லோட்டம், நிலைச்சைக்கிள் என்று சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். முடிவில், இருபது வயதில் படுக்கைக்குப் போகுமுன் இருந்த அளவுக்கு அவர்களின் திறன் திரும்பியது. இளமைப் பயிற்சியில் எட்டிய உச்சத்தை ஒருவரும் எட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தே ஐந்து பேரிடம் நடந்த ஆய்வு என்பதும் உண்மை. ஆயினும் ஐம்பது வயதில், நெடும் இடைவெளிக்குப் பின், உடல் கதவைச் சாத்திக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுமா? இடைவெளி உடலுக்குக் கேடு செய்கிறது. இரண்டு மூன்று வாரத்திலேயே அதன் அடையாளம் தெரிகிறது. அதே உடல் திரும்பியும் தருகிறது. முதல் பாதியைச் சொல்லி அச்சுறுத்துவோர் இரண்டாம் பாதியை ஏன் விழுங்கிவிடுகிறார்கள்?

இங்கே என் மடமையையும் எழுதிவிடுகிறேன். 2024 தையில் ஒரு தடவை வீறாப்போடு தொடங்கினேன். முதல் நாளே பழைய தூரம், பழைய வேகம். கைத்தொலைபேசி பத்தாயிரம் அடி காட்டும்வரை நிற்பதில்லை என்று சபதம். நான்காம் நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்ற முடியவில்லை. குதிக்காலில் ஆணி அறைந்தது போன்ற வலி. மூன்று மாதம் நொண்டினேன். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடினேன். 1965 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அடியளக்கும் கருவியொன்றின் பெயர் அது. மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி அளவி. மருத்துவம் விதித்த எல்லையல்ல, வியாபாரம் சூட்டிய பெயர்!

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்தால்தான் கணக்கு என்று முன்னர் இருந்த நிபந்தனையையும் அது நீக்கிவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்குத்தான். சற்றேனும் செய்வது ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேல் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. எங்கள் தேநீர்க் கடைதான் அதை ஏற்க மறுக்கிறது.

அடுத்து, மன உறுதிப் போதகர்களிடம் ஒரு கேள்வி. எங்கள் பாட்டனார்களுக்கு மன உறுதி அதிகமாக இருந்ததா? ஊரின் பெயரையே தன் புனைபெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணன் காவியமாகப் பாடிய 'வேளாண்மை'யின் மாந்தர்கள் உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். உழவும் நடுகையும் சூடடிப்பும் அவர்களின் உடலை வளைத்து நிமிர்த்தின. மருதமுனையில் கைத்தறியின் மிதிகட்டையை நாள் முழுதும் மிதித்தவர் காலுக்குத் தனியாகப் பயிற்சி தேடவில்லை. இலண்டனில் ஜெரி மொரிஸ் என்ற வைத்திய அறிஞர் 1953 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. இரட்டைத்தட்டு பஸ்ஸில் இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவு. அந்த நடத்துனர்கள் எவரும் மன உறுதிப் பயிலரங்குக்குப் போய் வந்தவர்கள் அல்லர். அவர்களின் வாழ்வு அவர்களை அசைய வைத்தது.

இதற்கு எங்கள் நாட்டிலேயே அண்மைச் சான்று உண்டு. 2022 இன் நடுப்பகுதியில் பெற்றோல் இல்லை. வரிசையில் நாட்கணக்கில் நின்றோம். அப்போது கொட்டிலுக்குள் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வீதிக்கு வந்தன. அரச அலுவலர், ஆசிரியர், வங்கிக்காரர், நான் உட்பட எல்லோரும் மிதித்தோம். சைக்கிள் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கியூஆர் அட்டையோடு பெற்றோல் வந்தது. சில மாதங்களில் சைக்கிள்கள் மீண்டும் கொட்டிலுக்குப் போயின. ஒரு நாடே ஒருசேர உடற்பயிற்சியைத் தொடங்கி, ஒருசேர நிறுத்தியது. இரண்டுக்கும் காரணம் மன உறுதியா? வீதியில் மோட்டார் வாகனம் குறைந்தபோது சைக்கிள் ஓட்டப் பயமில்லாதிருந்தது. லொறியும் வானும் திரும்பி வந்தபோது பயமும் திரும்பி வந்தது. சைக்கிளுக்கென்று ஒரு முழம் ஓரப்பாதை விட அந்த நல்ல தருணத்தில் எங்கள் நாட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எரிபொருளுக்காக அழுதோம்; கையில் வந்த நன்மையை வீசிவிட்டோம்.

ஆகவே பழியை நடப்பவன் தலையில் மட்டும் சுமத்துவதை நிறுத்துங்கள். உள்ளூராட்சி மன்றங்களுக்கு வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாம் கொங்கிறீட் வீதி கேட்கிறோம், வடிகான் கேட்கிறோம். விடியலில் எரியும் தெருவிளக்கு, கட்டாக்காலி நாய்களுக்கு ஒரு தீர்வு, வீதியோரத்தில் காலூன்ற ஓர் இடம் ஆகிய இவற்றை எப்போதாவது கேட்டோமா? நடைபாதை திறப்பு விழாவுக்கு மாலையும் கல்வெட்டும் உண்டு. இரண்டாம் ஆண்டு அதில் மாடு படுத்திருக்கும், விளக்கு எரியாது. திறப்பவர்களுக்கும் தொடங்குவதில்தான் மோகம், தொடர்வதில் இல்லை. அவர்களைப் பார்த்து எவரும் 'இந்த முறை எத்தின நாளைக்கு' என்று கேட்பதில்லையே!

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறை. காலையில் நான் கண்ட நடையாளர்களில் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்ற பேதம் இதில் இல்லை; இந்த விடயத்தில் நாங்கள் பூரண ஒற்றுமையோடு இருக்கிறோம். பாடசாலையில் வலைப்பந்தாடிய பிள்ளை சாதாரண தரப் பரீட்சையோடு பந்தைக் கீழே வைக்கிறாள். அதன் பிறகு அவள் ஓடுவதை ஊர் ஏற்றுக்கொள்வதில்லை. ஐம்பது வயதில் சீனி வருத்தத்தோடு கிளினிக் வாங்கில் இருக்கும் அவளிடம் வைத்தியர் "நடங்க" என்கிறார். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி அது! என்னைப் பார்த்துச் சிரித்த கடை, அவள் வீதியில் இறங்கினால் சிரிப்பதோடு நிற்காது. ஊர் மைதானத்தில் காலையோ மாலையோ ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்கப் பணம் தேவையில்லை. பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் நிருவாகமும் விளையாட்டுக் கழகங்களும் ஓர் இரவு கூடி இருந்தால் போதும்.

இடைவெளியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் கடலோடிகளிடம் கேளுங்கள். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்தால் கடல் குமுறும். கரைவலைத் தோணிகளை மேட்டில் ஏற்றி வைப்பார்கள். மாரி கழிந்து கடல் தணிந்ததும் வலையைப் பிரித்து, அறுந்த கண்ணைப் பொத்தி, தோணியைத் திரும்பத் தள்ளுவார்கள். 'மூன்று மாதம் விட்டாயே, வெட்கமில்லையா' என்று யாரும் கேட்பதில்லை. முதல் நாள் இழுவையில் கை கொப்பளிக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்காக முதல் நாளே பத்துப் பாடு வளைப்பதில்லை. எங்கள் வாழ்விலும் மாரி உண்டு, நோன்பு மாதம் உண்டு, அறுவடை உண்டு, மரண வீடு உண்டு. விடுவது வரத்தான் செய்யும். திரும்பும் வழியை அறிந்து வைத்திருப்பதே இங்கே பயிற்சி.

என் வழி இதுதான்: பழைய தூரத்தின் கால்பங்கில் தொடங்கினேன். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுகிறேன். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாக நடந்து ஈடு செய்வதில்லை. சீனிக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். இதற்கு மேல் என்னிடம் உபதேசம் இல்லை.

நான்காம் வாரம் என் நேரக்கணக்கு என்னை அந்த எல்லை வரை கொண்டுபோய் விட்டது. திரும்பியிருக்கலாம். திரும்பாமல் இன்னும் ஐந்து நிமிடம் நடந்தேன். வழக்கமான இடத்தில், மதிலோரத்தில், கையில் ஒரு தடியோடு காக்கா நின்றுகொண்டிருந்தார். நடக்கவில்லை, காற்று வாங்க நின்றார். தாடி முழுதும் நரைத்திருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் நான் முழங்கால் கதையைத் தொடங்கினேன்.

அவர் அதைக் கேட்கவே இல்லை. "வாங்க தம்பி, கனகாலமாக் காணல்ல" என்றார். "மெதுவா நடப்பம். எனக்கும் இப்ப ஏலாது."

இருநூறு மீற்றர் நடந்தோம். நெல் விலையைப் பற்றிப் பேசினோம்.